முழுப் பாதை காப்பாற்றாது

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளின் காதில் முதல் மாதத்திலேயே ஓர் அறிவுரை ஏறிவிடுகிறது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் ரூட்டிலிருந்து முழுப் பாதையை எழுது, நடப்பு டைரக்டரியை நம்பாதே, சிஎச்டிர் என்கிற சிஸ்டம் கால் பக்கமே போகாதே. தவளக்குப்பத்தில் மாலை நேரத்தில் என்னிடம் லினக்ஸ் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் இதை வேதவாக்காக ஒப்பிக்கிறார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்க்கும் அவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதாலேயே ஒரு விஷயம் சரியாகிவிடாது. இந்த அறிவுரை தவறு என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் கணினியைப் புரிந்துகொள்வதற்கே இது தடையாக நிற்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அறிவுரை எங்கே பிறந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் விலைப்பட்டியலைப் படித்துக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுகிறார். டெர்மினலில் ஓட்டிப் பார்க்கிறார், ஓடுகிறது. ராத்திரி தானாக ஓடட்டும் என்று கிரானில் போடுகிறார். காலையில் வந்து பார்த்தால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பிழைச்செய்தி. கோப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. டெர்மினலில் அவர் அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டு ஓட்டினார். கிரான் அவருடைய ஹோம் டைரக்டரியிலிருந்து ஓட்டியது. அதையே சிஸ்டம்டி சேவையாகப் போட்டிருந்தால் ரூட்டிலிருந்து ஓடியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "முழுப் பாதை போடுங்க சார், சரியாயிடும்" என்கிறார். சரியாகியும் விடுகிறது. அங்கேயே பாடம் முடிந்துபோகிறது.

முடியக் கூடாத இடம் அது. அந்த ஸ்கிரிப்ட் எங்கே நின்று ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? எழுதியவர் செய்யவில்லை. டெர்மினலில் ஷெல் முடிவு செய்தது, ராத்திரி கிரான் முடிவு செய்தது. முழுப் பாதை போட்ட பிறகும் அந்த நிலை மாறவில்லை. அவருடைய ப்ராசஸ் இன்னமும் வேறு யாரோ நிறுத்திவைத்த இடத்தில்தான் நிற்கிறது. இப்போது அது அவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

யூனிக்ஸ் வழிவந்த எந்த இயக்குதளத்திலும் நடப்பு டைரக்டரி இல்லாத ப்ராசஸ் கிடையாது. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கெர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறது. ஃபோர்க் செய்தால் தாய் ப்ராசஸின் டைரக்டரி பிள்ளைக்கு வருகிறது. எக்ஸெக் செய்து புரோகிராமையே மாற்றினாலும் அது மாறாமல் கூடவே வருகிறது. அதை மாற்ற இருக்கும் வழிகள் சிஎச்டிரும், ஏற்கெனவே திறந்துவைத்த டைரக்டரியைக் கொடுத்து மாற்றும் எஃப்சிஎச்டிரும்தான். ஆகவே 'சிஎச்டிரைத் தொடாதே' என்பவர் 'உன் ப்ராசஸின் இடத்தை வேறு யாராவது முடிவு செய்யட்டும்' என்றுதான் சொல்கிறார். அந்த அலட்சியத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதன் விலை என்னவென்று பென்டிரைவைக் கழற்ற முயன்ற எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கோப்பையும் மூடியாகிவிட்டது, இருந்தும் அன்மவுன்ட் ஆகாமல் 'பிஸி' என்று அடம்பிடிக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், எந்தக் கோப்பையும் திறக்காத ஏதோ ஒரு ப்ராசஸ் அந்த பென்டிரைவுக்குள் ஒரு டைரக்டரியில் நின்றுகொண்டிருக்கும். அந்த வரியில், நடப்பு டைரக்டரியைக் குறிக்கும் 'சிடபிள்யூடி' என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்தப் புரோகிராமை எழுதியவர் உள்ளே எல்லா இடத்திலும் முழுப் பாதை போட்டிருக்கலாம். அதனால் ஒரு பயனும் இல்லை. பின்னணியில் ஓடும் சேவைகள் பிறந்தவுடன் ரூட்டுக்கு சிஎச்டிர் செய்துவிட வேண்டும் என்ற பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது. புரோகிராம் நொறுங்கி விழும்போது கோர் கோப்பை எங்கே எழுதுவது என்பதிலும், அமைப்பை யாரும் மாற்றாதவரை, நடப்பு டைரக்டரிதான் பேசும்.

அடுத்த வாதத்துக்கு வருகிறேன். இதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். முழுப் பாதை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, அது எப்போதும் ஒரே இடத்தைக் காட்டும் என்பது. நேர்மாறாகத்தான் நடக்கிறது. செய்து பார்க்க இரண்டு டெர்மினல் ஜன்னல்கள் போதும்.

முதல் ஜன்னலில் 'ரசீது' என்று ஒரு டைரக்டரி உண்டாக்கி உள்ளே போங்கள். இரண்டாவது ஜன்னலில் அதன் பெயரைப் 'பழைய ரசீது' என்று மாற்றுங்கள். முதல் ஜன்னலுக்குத் திரும்பி ஒரு கோப்பை உண்டாக்குங்கள். எந்தப் பிழையும் வராது, கோப்பு பழைய ரசீதுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பிடபிள்யூடி என்று வெறுமனே தட்டினால் ஷெல் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய பெயரைச் சொல்லும். 'பின்' என்ற டைரக்டரியில் உள்ள அதே பெயர்க் கட்டளையை ஓட்டினால் அது கெர்னலைக் கேட்டுப் புதிய பெயரைச் சொல்லும். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு பதில்களைத்தான். ஒரே நொடியில், ஒரே இடத்தில் நின்று, இரண்டு விடை. கெர்னல் வைத்திருப்பது பெயரை அல்ல, அந்த டைரக்டரியையே என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. லினக்ஸில் ப்ராசஸின் விவரங்களோடு ஒட்டிய சிறிய கட்டமைப்பு ஒன்று இருக்கிறது. ரூட் எது, நடப்பு டைரக்டரி எது என்ற இரண்டையும் அதுதான் பிடித்துவைத்திருக்கிறது. சாய்கோட்டில் தொடங்காத பாதை, அதாவது சார்புப் பாதை, எதைக் கொடுத்தாலும் தேடல் அந்த நடப்பு டைரக்டரியிலிருந்து தொடங்கும். யார் எந்தப் பெயரை மாற்றினாலும் அந்தப் பிடி நழுவாது.

இதே நேரத்தில் முழுப் பாதை எழுதிய புரோகிராம் என்ன ஆகும்? பெயர் மாறியதும் கோப்பு இல்லை என்று நின்றுவிடும். நின்றால் நல்லது. யாராவது 'ரசீது' என்ற அதே பெயரில் புதிதாக ஒரு டைரக்டரியை உண்டாக்கிவிட்டால் நிற்கக்கூட நிற்காது. அதுவரை எழுதியது ஓரிடத்தில், இனி எழுதப்போவது வேறிடத்தில் என்று சத்தமில்லாமல் இரண்டாகப் பிரியும். முழுப் பாதை என்பது ஒவ்வொரு முறையும் ரூட்டிலிருந்து புதிதாகக் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொரு முறையும் பதில் மாறலாம். அதை நிலையான முகவரி என்று கற்பிப்பது பிள்ளைகளுக்குத் தப்பான படத்தைக் கொடுப்பது.

தவளக்குப்பம் சந்திப்பில் நின்று நல்லவாட்டுக்கு வழி கேட்டால் கிழக்கே திரும்பச் சொல்வார்கள். அபிஷேகப்பாக்கம் என்றால் மேற்கே. யாரும் இந்தியா, புதுச்சேரி, அரியாங்குப்பம் கொம்யூன் என்று ஆரம்பிப்பதில்லை. கேட்பவர் நிற்கும் இடம் உறுதியாகத் தெரிந்திருப்பதால் சுருக்கமான வழி சரியான வழியாகவும் இருக்கிறது. நடப்பு டைரக்டரியை நாமே தீர்மானித்துவிட்டால் சார்புப் பாதையும் அப்படித்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் இது வசதிப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. ஒரு புரோகிராம் முழுப் பாதையில் ஒரு கோப்பைச் சோதிக்கிறது, பிறகு அதே பாதையில் அதை அழிக்கிறது. சோதித்ததற்கும் அழிப்பதற்கும் நடுவில், இடையிலுள்ள ஒரு டைரக்டரியில் எழுதும் உரிமை பெற்ற இன்னொருவர் அங்கே ஒரு சிம்லிங்க்கை மாற்றி வைத்தால் போதும், அழிவது வேறு யாருடைய கோப்போ ஆகிவிடும். இடைவழி நீள நீள, புகுந்து மாற்றும் வாய்ப்பும் கூடும். குனுவின் ஃபைண்ட் கட்டளையில் கிடைத்த கோப்பின் மீது இன்னொரு கட்டளையை ஓட்ட 'எக்ஸெக்' என்ற பழைய வழி உண்டு. அதில் தவிர்க்க முடியாத பாதுகாப்புச் சிக்கல் இருப்பதால் 'எக்ஸெக்டிர்' என்பதைப் பயன்படுத்தச் சொல்கிறது அதன் கையேடு. எக்ஸெக்டிர் செய்வது என்ன? கோப்பு இருக்கும் டைரக்டரிக்கே போய் நின்று, அங்கிருந்து கட்டளையை ஓட்டுகிறது. இடம் மாறுவது ஆபத்து, நீண்ட பாதை பத்திரம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த ஒரு தேர்வுக்கு விளக்கம் சொல்லட்டும்.

சிஎச்ரூட்டும் இதே கதைதான். ஒரு ப்ராசஸை ஒரு டைரக்டரிக்குள் அடைத்து, அதையே அதன் ரூட்டாக்கும் இந்த சிஸ்டம் கால் 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. ஆனால் அது நடப்பு டைரக்டரியை மாற்றாது. அடைத்த பிறகு உள்ளே சிஎச்டிர் செய்யாமல் விட்டால் ப்ராசஸின் ஒரு கால் வெளியிலேயே இருக்கும், இரட்டைப் புள்ளிப் பாதையைப் பிடித்து மேலே ஏறிப் போய்விடலாம். பிறகு எத்தனை முழுப் பாதை எழுதியிருந்தாலும் வீண்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளில் அது தென்படவே தென்படாது. யுடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். 'தவளக்குப்பம்' என்று ஒரு டைரக்டரிக்குப் பெயர் வைத்தால் 12 குறியீடுகள், 36 பைட். லினக்ஸில் ஒரே கணினிக்குள் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு ஒதுக்கப்பட்ட இடம் மொத்தமே 108 பைட். சாய்கோட்டோடு சேர்த்தால் இப்படிப்பட்ட மூன்று பெயர்களுக்கு 111 பைட் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பெயர்களில் மூன்று அடுக்கு தாங்காது. ஒரு பாதைக்கு மொத்தமாக லினக்ஸ் கொடுக்கும் 4096 பைட்டும் நமக்கு ஆங்கிலத்தவரைவிட மூன்று மடங்கு விரைவாகத் தீரும். இதற்குப் பழமையான, நேர்மையான தீர்வு அந்த டைரக்டரிக்குள் போய் நின்று, சாக்கெட்டைத் தனிப்பெயரால் மட்டும் கட்டுவது. முழுப் பாதைதான் ஒரே வழி என்று கற்ற பிள்ளை இதற்கு என்ன செய்யும்? டைரக்டரிப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்திலேயே அப்படி மாற்றப்பட்ட பெயர்களை நிறையப் பார்க்கிறேன். கணினியில் தமிழுக்கு இடமில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிக்கொள்வதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வைவா நாளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். செமஸ்டர் முழுக்க எழுதிய புராஜெக்டைப் பரிசோதகரின் கணினிக்கு மாற்றுகிறார்கள். உள்ளே பத்து இடத்தில் மாணவரின் சொந்தப் பெயரோடு கூடிய ஹோம் பாதை அப்படியே கிடக்கிறது. அந்தக் கணினியில் அப்படி ஒரு பயனரே இல்லை. புராஜெக்ட் திறக்கவே மறுக்கிறது, பிள்ளை வெலவெலத்து நிற்கிறது. தொடக்கத்தில் ஒரே ஓரிடத்தில் புராஜெக்ட் டைரக்டரிக்கு சிஎச்டிர் செய்து, மிச்சம் எல்லாம் சார்புப் பாதையாக எழுதியிருந்தால் மாற்ற வேண்டியது ஒரே வரி. டாரில், கிட்டில், மேக்கில் பெரிய சி என்ற தெரிவை வைத்திருப்பது இதற்காகத்தான். முதலில் இந்த இடத்துக்குப் போ, பிறகு வேலையைத் தொடங்கு.

சிஎச்டிரில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிகப் பெரிய ஆபத்து, அது தோற்றதைக் கவனிக்காமல் விடுவது. டைரக்டரி இல்லாமல் போகலாம். இருந்தும் அதில் நுழையும் உரிமை இல்லாமல் போகலாம். (படிக்கும் உரிமை வேறு, நுழையும் உரிமை வேறு. சிஎச்டிருக்கு வேண்டியது எக்ஸ் என்று காட்டப்படும் இரண்டாவது உரிமை.) ஸ்கிரிப்டில் சிஎச்டிரைச் செய்யும் சிடி கட்டளை தோற்று, அடுத்த வரியில் எல்லாவற்றையும் அழி என்று இருந்தால், நின்ற இடம் எதுவோ அது துடைக்கப்படும். ஆகவே சிடி தோற்றால் அங்கேயே வெளியேறு என்று அதே வரியில் எழுதியாக வேண்டும். சி மொழியில் திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கை வரும்படி சி நூலகமான ஜிலிப்சியிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். இவ்வளவு கவனம் கேட்கும் ஒரு காலைக் கற்றுக்கொடுக்காமல் தவிர்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் த்ரெட்டுகள் பற்றியது. அதை நான் முழுக்க ஏற்கிறேன். நடப்பு டைரக்டரி ப்ராசஸ் முழுமைக்கும் ஒன்றுதான். ஒரு த்ரெட் சிஎச்டிர் செய்தால் மற்ற த்ரெட்டுகளின் காலடியிலும் தரை மாறிவிடும். பைத்தான் 3.11இல், 2022இல், தற்காலிகமாக இடம் மாறித் திரும்பும் வசதியைச் சேர்த்தபோது, த்ரெட்டுகளோடு இது ஒத்துவராது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தேதான் எழுதினார்கள். நோட்ஜேஎஸ்ஸில் வொர்க்கர் த்ரெட்டுக்குள் சிஎச்டிர் செய்யவே விடமாட்டார்கள். ஒரு நூலகம், தன்னை அழைத்தவருக்குத் தெரியாமல் இடம் மாறித் திரும்பி வருவதும் குற்றம்தான்.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு வல்லுநர்கள் கண்ட விடை முழுப் பாதை அல்ல. 2006இல் லினக்ஸ் 2.6.16இல் ஓப்பன்அட் முதலான கால்கள் வந்தன, 2008இல் போசிக்ஸ் தரத்தில் ஏறின. ஒரு டைரக்டரியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து சார்புப் பாதையைச் சொல்லும் முறை இது. அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் வேண்டிய அளவு 'நடப்பு டைரக்டரி'களை வைத்துக்கொள்ளலாம். அதே 2.6.16இல் வந்த அன்ஷேர் என்ற கால் மூலம் ஒரு த்ரெட் தனக்கென்று தனி நடப்பு டைரக்டரியையும் பிரித்துக்கொள்ள முடியும். இரண்டுமே சிஎச்டிரின் கருத்தை விரிவாக்கியவை. சிஎச்டிரைப் புரியாதவருக்கு ஓப்பன்அட் எதற்கு என்று புரியவே புரியாது.

வேறு புரோகிராமை ஓட்டும் இடத்தில்தான் சிஎச்டிர் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. ஃபோர்க் முடிந்து பிள்ளை ப்ராசஸ் பிறந்தபின், எக்ஸெக்குக்கு முன், அந்தச் சின்ன இடைவெளியில் பிள்ளைக்குள் இடம் மாற்றினால் தாய்க்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அதன் த்ரெட்டுகள் அசைய வேண்டியதில்லை. பைத்தானின் சப்ப்ராசஸில் சிடபிள்யூடி என்ற வாதுரு செய்வது இதைத்தான். போசிக்ஸ் ஸ்பான் கால்களில் இந்த வசதி நெடுங்காலம் இல்லாமல் இருந்தது பெரிய குறை. ஜிலிப்சி 2019இல் தன் பங்குக்குச் சேர்த்தது, 2024 போசிக்ஸ் தரம் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. காலாவதியான பழைய சங்கதி என்று நம்மவர்கள் ஒதுக்கும் விஷயத்துக்காக உலகத் தரம் 2024இல் புதிய கால்களைச் சேர்த்திருக்கிறது.

தாய் வேறு, பிள்ளை வேறு என்பதில் யூனிக்ஸை உருவாக்கியவர்களே ஒருமுறை திகைத்து நின்றிருக்கிறார்கள். 1979இல் எழுதிய யூனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் டென்னிஸ் ரிட்சி இதைச் சொல்கிறார். பிடிபி-7 கணினியில் இருந்த தொடக்ககால யூனிக்ஸில் ஃபோர்க்கைச் சேர்த்த பிறகு, திடீரென்று சிஎச்டிர் கட்டளை வேலை செய்யாமல் போனது. நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், பிழை எதுவும் இல்லை. கடைசியில்தான் விளங்கியது: கட்டளை ஓடியது புதிதாகப் பிறந்த பிள்ளை ப்ராசஸில். அது சரியாகவே இடம் மாறி, உடனே முடிந்துபோனது. தாயான ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. அதனால் சிஎச்டிரை ஷெல்லே தனக்குள் செய்துகொள்ளும் சிறப்புக் கட்டளையாக்கினார்கள். இன்று டாக்கர் கோப்பில் ஒரு ரன் வரியில் சிடி போட்டுவிட்டு அடுத்த ரன் வரியில் அது மறந்துபோனதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும், மேக்கோப்பில் ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடுவது தெரியாமல் தவிப்பவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் 'முழுப் பாதை போடு' என்பதுதான் கிடைக்கும் பதில்.

இந்த அறிவுரை இவ்வளவு வேரூன்றியதற்குப் பாடத்திட்டத்துக்கும் பங்குண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் இயக்குதள ஆய்வகத் தாளில் மாணவர் எழுதிப் பார்க்க வேண்டிய சிஸ்டம் கால்களாக ஃபோர்க், எக்ஸெக், கெட்பிட், எக்ஸிட், வெயிட், குளோஸ், ஸ்டாட், ஓப்பன்டிர், ரீட்டிர் என்று வரிசையாக இருந்தன. சிஎச்டிர் இல்லை. டைரக்டரியைத் திறக்கச் சொல்லித் தந்தோம், படிக்கச் சொல்லித் தந்தோம், அதற்குள் போய் நிற்கச் சொல்லித் தரவில்லை. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினரும் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரும் கல்லூரிக்கு வெளியே பிள்ளைகளுக்குச் செய்துவரும் பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஆய்வகத்தில் செய்ய வேண்டியதை ஆய்வகத்திலேயே செய்ய வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு பயிற்சி போதும். நூறு வரிக்குள் மாணவரே ஒரு சின்ன ஷெல் எழுதட்டும். கட்டளையைப் படிப்பது, ஃபோர்க் செய்வது, பிள்ளையில் எக்ஸெக் செய்வது, தாய் காத்திருப்பது. இவை அந்தத் தாளிலேயே இருந்தவைதான். எழுதி முடித்ததும் சிடி என்று தட்டச் சொல்லுங்கள். எக்ஸெக் தேடிக் களைத்து, கட்டளை இல்லை என்று திரும்பும். உடனே அவர்கள் சிடி என்ற பெயரில் சிஎச்டிர் செய்யும் தனிப் புரோகிராம் ஒன்றை எழுதிப் பார்ப்பார்கள். அது வெற்றிகரமாக ஓடி முடியும், ஷெல் மட்டும் இடம் மாறாமல் அங்கேயே நிற்கும். விடையைச் சொல்லிவிடாமல் ஒரு வகுப்பு நேரம் விட்டுப்பிடியுங்கள்.

யாராவது ஒரு பிள்ளை ஃபோர்க்குக்கு முன்னால் ஒரு நிபந்தனை எழுதி, கட்டளை சிடி என்றால் தாய் ப்ராசஸிலேயே சிஎச்டிரைக் கூப்பிடும். அந்தப் பிள்ளைக்குப் பிறகு கிரான் ஸ்கிரிப்டையும் டாக்கர் கோப்பையும் தனித்தனியாக விளக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை.